கேட்கும் செவியும் படிக்கும் கண்ணும்

சென்ற ஆண்டு ஒரு நாள் தேவராஜ மொஹல்லாவில் தமிழ் அன்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். ஈரோட்டிலிருந்து அவர்களுக்கு ஒரு திருமண அழைப்பிதழ் வந்திருந்தது. மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த பாட்டியார், பத்து வயதுப் பேரனை அழைத்து, "கண்ணு, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். சிறுவன் அழைப்பிதழை வாங்கினான். மணமக்களின் பெயர்கள் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தபடியால் அவற்றை மட்டும் படித்தான். பிறகு தாளை இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாட்டியாரிடமே நீட்டினான். "எனக்குத் தமிழ் எழுத்து வராது பாட்டி" என்று அவன் சொன்னான். அதைத் தமிழில்தான் சொன்னான். ஒரு பிழையுமின்றிச் சொன்னான்.

அச்சிறுவன் மந்த புத்தி உடையவன் அல்லன். பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளின் எழுத்துகளையும் பழகியவன். சயாஜிராவ் சாலையில் நடந்து சென்றால் இருபுறமும் உள்ள பெயர்ப் பலகைகளை மளமளவென்று படித்துக்கொண்டு வருவான். வீட்டில் பேசுவதெல்லாம் தமிழ்தான். ஆயினும் அவனுடைய தமிழ் நாவில் இருக்கிறதேயன்றிக் கண்ணுக்கு எட்டவில்லை.

இந்நிலை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில், கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் ஏறத்தாழ 21 லட்சம் பேர். இக்குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் இச்சிறுவனைப் போலவே இருக்கிறார்கள் என்பது நம் அன்பர்கள் அனைவரும் அறிந்த விஷயம். இதற்காகப் பள்ளியைக் குறை கூறுதல் பொருந்தாது. நாம் வாழும் நாட்டின் மொழியாகிய கன்னடத்தை நம் மக்கள் செவ்வனே கற்றுத்தான் ஆக வேண்டும். அது நமக்குச் சோறிடும் மண்ணுக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும். தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் கடமை வீட்டைச் சேர்ந்தது. ஆனால் வீட்டில் நேரம் எங்கே இருக்கிறது? தந்தை கடையை மூடிவிட்டு வரும்போது மணி ஒன்பதாகிறது. தாயும் வேலைக்குச் சென்று திரும்புகிறார். பாட்டி ஊரில் இருக்கிறார். குழந்தையை மடியில் இருத்திக் கதைப் புத்தகத்தை உரக்கப் படிக்க ஆளில்லை.

இக்குறையை ஓரளவேனும் நீக்க ஒரு தொண்டு உண்டு. கதை ஒன்றை ஒருவர் உரக்கப் படித்து, அதனைக் கைப்பேசியில் ஒளிப்பதிவு செய்து, குழந்தைகளுக்கு அனுப்பி வைப்பதே அது. நம்மில் சிலர் சில மாதங்களாக இதனைச் செய்து வருகிறோம். அதில் நாம் கண்ட நன்மைகளையும் செய்த தவறுகளையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீட்டிலிருந்து எழுந்த குரல்

ஒரு வீட்டில் இருந்தபடி ஊரார் செவிக்கெல்லாம் பேசுவது மைசூருக்குப் புதிதன்று. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக விளங்கிய டாக்டர் எம். வி. கோபாலஸ்வாமி அவர்கள், 1935-ஆம் ஆண்டில், ஒண்டிக்கொப்பலில் உள்ள தம் இல்லத்திலேயே ஒரு சிறு கருவியை அமைத்து ஒலிபரப்பைத் தொடங்கினார். அந்த நிலையத்துக்கு வைத்த பெயர்தான் 'ஆகாசவாணி'. பின்னாளில் அகில இந்திய வானொலியே அப்பெயரைத் தனக்கும் சூட்டிக்கொண்டது. நம் மொஹல்லாவிலிருந்து அந்த இடம் வெகு தூரமில்லை. அவர் அன்று அரும்பாடுபட்டு அமைத்த கருவிக்கு நிகரான ஒன்று, இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கிடக்கிறது. அதைக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

குழந்தைகளுக்குப் புத்தகத்தைப் படித்துக்காட்டும் பணியை வானொலியும் தொலைக்காட்சியும் பல நாடுகளில் செய்திருக்கின்றன. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 1965-ஆம் ஆண்டு டிசம்பரில் 'ஜாக்கனோரி' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரு நடிகர் நாற்காலியில் அமர்ந்து ஒரு கதைப் புத்தகத்தைப் படிப்பார். வேறு ஆடம்பரம் அதிகமில்லை. அந்நிகழ்ச்சி 1996 வரை முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. நம் தமிழகத்தில் சென்னை வானொலியின் 'வானொலி அண்ணா'வின் குரலுக்காக ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகளாக நம்மிடையே இருக்கிறார்கள்.

பெங்களூரில் 2004-ஆம் ஆண்டு தோன்றிய 'பிரதம் புக்ஸ்' என்னும் ஸ்தாபனம், குழந்தைகளுக்கு இந்திய மொழிகளில் மலிவான நல்ல புத்தகங்களைத் தரும் நோக்குடையது. உலக எழுத்தறிவு நாளாகிய செப்டம்பர் 8 அன்று, ஒரே கதையைத் தொண்டர்கள் பல ஊர்களில், பல மொழிகளில் குழந்தைகளுக்குப் படித்துக்காட்டும் 'ஒரு நாள் ஒரு கதை' இயக்கத்தை அது 2012 முதல் நடத்தி வந்திருக்கிறது. 2015-இல் அதே நாளில் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணைய நூலகத்தைத் திறந்தது. தொடக்கத்தில் அதில் 24 மொழிகளில் 800 கதைகள் இருந்தன. இன்று பன்மடங்கு பெருகியுள்ளன. தமிழ்க் கதைகளும் ஏராளம். 2020 மார்ச்சில் கொள்ளை நோயின் காரணமாகப் பள்ளிகள் அடைபட்டபோது, உலகெங்கும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தங்கள் வீட்டுக் கூடத்திலிருந்தே கதைகளைப் படித்துப் பதிவு செய்து அனுப்பினார்கள். அந்த நாட்களில்தான் இத்தொண்டு எல்லோருக்கும் அறிமுகமாயிற்று.

பள்ளிகள் அடைபட்டதன் விளைவு எத்தகையது என்பதை 'அசர்' ஆய்வு காட்டுகிறது. நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். 2018-இல் நூற்றுக்கு 27.3 பேர் படித்தார்கள், 2022-இல் 20.5 பேர்தாம் படித்தார்கள். 2024-இல் மீண்டும் 27.1 ஆயிற்று. மீண்டது மகிழ்ச்சியே. ஆனாலும் நால்வரில் மூவருக்கு இன்னும் படிக்க வரவில்லை. பள்ளியில் நாள்தோறும் கற்பிக்கும் மொழிக்கே இந்நிலை என்றால், பள்ளியில் கற்பிக்கப்படாத தமிழ் எழுத்தின் நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

செவி கேட்டால் கண் படிக்குமா?

கதையைக் கேட்பதால் மட்டும் எழுத்து வந்துவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கேட்பதால் மட்டும் வராது. கேட்கும்போதே அதே சொல்லைக் கண்ணும் காண வேண்டும்.

இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. பிரிஜ் கொத்தாரி என்னும் அறிஞர் 1996-இல் அமெரிக்காவில் இருந்தபோது நண்பர்களுடன் ஒரு ஸ்பானியப் படம் பார்த்தார். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டிருந்த அவர், அடியில் ஓடும் எழுத்தும் ஸ்பானிய மொழியிலேயே இருந்தால் நன்றாக இருக்குமே என்று எண்ணினார். உடனே அவர் உள்ளம் நம் நாட்டுத் திரைப்பாடல்களின் பக்கம் திரும்பியது. பாட்டு எந்த மொழியோ அந்த மொழியிலேயே அதன் அடிகளைத் திரையில் காட்டினால், அரைகுறையாகப் படிக்கத் தெரிந்த கோடிக்கணக்கானவர்கள் பாட்டோடு சேர்ந்து படித்துப் பழகுவார்கள் அல்லவா? 1999-இல் குஜராத்தித் தொலைக்காட்சியின் பாடல் நிகழ்ச்சியிலும், 2002-இல் நாடு முழுவதும் ஒளிபரப்பான 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் இம்முறை கையாளப்பட்டது. எழுத்து கண்ணெதிரே வந்து நின்றால், ஓரளவு எழுத்தறிந்த கண் அதனைப் படிக்காமல் இருக்க முடிவதில்லை. இவ்வியல்பே இம்முறையின் உயிர்நாடி.

பாட்டுக்குப் பொருந்துவது கதைக்கும் பொருந்தும். திரையில் புத்தகத்தின் பக்கம் தெரிய, படிப்பவரின் விரல் சொல்லுக்கு அடியில் மெல்ல நகர, குரலும் அதே சொல்லை ஒலிக்க, குழந்தையின் செவியும் கண்ணும் ஒரே சொல்லில் சந்திக்கின்றன.

தமிழுக்கே உரிய இரண்டு தடைகள்

கன்னட நாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைக்குத் தமிழ்ப் புத்தகம் இரண்டு தடைகளை வைத்திருக்கிறது. உரக்கப் படிக்கும் குரல் இரண்டையும் நீக்க வல்லது என்பதை இம்முயற்சியில்தான் நாம் நன்கு உணர்ந்தோம்.

முதலாவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு. கன்னடத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள் உண்டு. வல்லொலிக்கு ஒன்று, மெல்லொலிக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கின்றன. தமிழிலோ ஒரே 'க' எழுத்துத்தான். 'கண்' என்பதில் அது வன்மையாக ஒலிக்கிறது. 'தங்கை' என்பதில் மென்மையாகிறது. 'மகன்' என்பதில் மேலும் குழைகிறது. 'அக்கா' என்று இரட்டித்தால் மீண்டும் வன்மை பெறுகிறது. நாம் பிறந்தது முதல் இதனைக் கேட்டிருப்பதால் இதில் ஒரு விதி இருப்பதையே நாம் நினைப்பதில்லை. கன்னட எழுத்தில் பழகிய குழந்தைக்கோ இது பெரும் மயக்கம். மேற்சொன்ன சிறுவன் தொடக்கத்தில் 'மகன்' என்பதை 'மக்கன்' என்றே படித்தான், பிறகு, "இதில் எது எந்த 'க' என்று எப்படித் தெரியும்?" என்று நம்மைக் கேட்டான். விதியை விளக்கினோம், அவனுக்குப் புரியவில்லை. பத்துக் கதைகளைக் கேட்டபின் விதியைச் சொல்லாமலேயே சரியாகப் படித்தான். மேலும், இன்றைய கன்னடத்தில் வழக்கொழிந்த ழகரமும் றகரமும் தமிழில் உயிரோடு இருக்கின்றன. அவற்றின் ஒலியை அச்சுத்தாள் கற்பிக்காது. ஒருவர் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

இரண்டாவது, பேச்சுக்கும் நூலுக்கும் உள்ள தொலைவு. வீட்டில் 'மாமா வந்துட்டாங்க' என்கிறோம். புத்தகத்தில் 'மாமா வந்துவிட்டார்' என்று இருக்கிறது. 'போகணும்' என்பது 'போக வேண்டும்' ஆகிறது. தமிழகத்தில் வளரும் பிள்ளை இந்நூல் நடையைப் பள்ளியிலும் மேடையிலும் செய்தியிலும் ஓயாமல் கேட்கிறது. நம் பிள்ளைகளோ அதனைக் கேட்பதே அரிது. எழுத்துக்கூட்டிப் படித்தாலும், 'இது நம் வீட்டுத் தமிழ் இல்லையே' என்று மருண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அந்நடையைக் குரலாகப் பலமுறை கேட்டவர்களுக்கு இம்மருட்சி இல்லை. ஆகையால், பதிவு செய்பவர்கள் எளிமைக்காகப் புத்தக நடையைப் பேச்சு நடையாக மாற்றிப் படித்தல் கூடாது என்பது நம் அபிப்பிராயம். அச்சில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும். கடுஞ்சொல் வந்தால், பக்கத்தை முடித்த பிறகு வீட்டுப் பேச்சில் இரண்டு வாக்கியம் விளக்கினால் போதும்.

நாம் செய்த தவறுகள்

முதல் பதிவில் படிப்பவரின் முகத்தையே படம் பிடித்தோம். குழந்தைகள் முகத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், எழுத்து ஒன்றையும் பார்க்கவில்லை. அடுத்த முறை கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் கீழ்நோக்கி வைத்து, பக்கம் முழுவதும் தெரியுமாறு செய்தோம். வழவழப்பான தாளில் விளக்கொளி பட்டு எழுத்து மறைந்தது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு அமைத்தபின் அக்குறை நீங்கிற்று.

அடுத்தது ஓசை. நம் மொஹல்லாவை அறிந்தவர்களுக்கு இதை விரிக்கத் தேவையில்லை. விடியற்காலையில் தேவராஜ மார்க்கெட்டில் பூ மூட்டைகள் வந்திறங்குகின்றன; பகல் முழுதும் வியாபாரிகளின் கூவலும் வாகனங்களின் ஒலியும் ஓய்வதில்லை. பூக்காரர் மல்லிகையின் விலையைக் கூவுவது நம் முதல் கதையின் நடுவே தெளிவாகக் கேட்கிறது. குழந்தைகளுக்கு அது பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். இரவு ஒன்பது மணிக்குப் பின், ஜன்னலில் கனத்த ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தபோது ஓசை பெரிதும் அடங்கியது.

வேகமும் ஒரு குறையே. வளர்ந்தவர்கள் செய்தி வாசிப்பதுபோல் படித்துவிடுகிறார்கள்; குழந்தையின் கண் இரண்டாவது சொல்லில் இருக்கும்போது குரல் ஐந்தாவது சொல்லுக்குப் போய்விடுகிறது. கதையை முன்னதாக மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, விரல் நகரும் வேகத்துக்குக் குரலைக் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது. ஒரு பதிவு ஐந்து நிமிடத்துக்கு மேற்படல் ஆகாது. பயிற்சி பெற்ற குரல்தான் வேண்டும் என்பதும் இல்லை. நம் பதிவுகளில் குழந்தைகள் மறுபடி மறுபடி கேட்டது, சற்றே நடுங்கும் குரலையுடைய ஒரு மூதாட்டியார் படித்த கதையைத்தான். அவரை அவர்கள் கோயிலில் பார்த்திருக்கிறார்கள். அவர் தங்களுக்காகவே படிக்கிறார் என்று நம்பினார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒன்று உண்டு. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. சில வீடுகளில் பிள்ளைகள் பதிவைப் பார்த்தார்கள். அது முடிந்ததும் அதே திரையில் வேறு வேடிக்கைகளுக்குத் தாவிவிட்டார்கள். புத்தகத்தைத் தொடவே இல்லை. குழந்தைக்குக் கதை கொடுப்பதாக எண்ணிக் கைப்பேசியை அல்லவா கொடுத்துவிட்டோம் என்று ஒரு தாயார் வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே தகாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் மேலும் நன்று என்றும் கூறுகின்றன.

இதன்பின் இரண்டு மாறுதல்களைச் செய்தோம். முதலாவதாக, கதையை முழுதும் படிப்பதை விட்டுவிட்டோம். யானை கிணற்றங்கரைக்கு வந்து நிற்கும் இடத்தில் குரல் நின்றுவிடும். மீதி புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவதாக, அந்தப் புத்தகத்தின் அச்சுப் பிரதியை அதே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு வீடு படித்ததும் அடுத்த வீட்டுக்குச் செல்லும். பதிவைக் காணும்போது புத்தகம் மடியில் இருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் உத்தமம். இம்மாறுதல்களுக்குப் பிறகும் எல்லாக் குழந்தைகளும் படிக்கத் தொடங்கிவிடவில்லை. ஆயினும் சிலர் தொடங்கினார்கள். அழைப்பிதழைத் திருப்பித் தந்த அச்சிறுவன், மூன்று மாதம் கழித்து, பேருந்து நிலையத்தில் நின்ற தமிழ்நாட்டுப் பேருந்தின் பலகையைக் காட்டி, "ஈ... ரோ... டு" என்று எழுத்துக்கூட்டிப் படித்தான் என்று அவன் தந்தையார் நம்மிடம் தெரிவித்தார். மூன்றே எழுத்துத்தான். பாட்டியாரிடம் அன்றிரவே தொலைபேசியில் அச்செய்தி சொல்லப்பட்டதாம்.

உரிமையும் கண்ணியமும்

தொண்டு என்றாலும் சட்டத்தை மீறலாகாது. பிறர் எழுதிய புத்தகத்தைப் படித்துப் பதிவு செய்து பலருக்கும் பரப்புவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தபின் அவர் நூல் பொதுவுடைமை ஆகிறது. மகாகவி பாரதியாரின் படைப்புகளைச் சென்னை அரசாங்கம் 1949-ஆம் ஆண்டிலேயே பெற்றுக்கொண்டது. இன்று 'பாப்பாப் பாட்டு' முதலிய அனைத்தும் மக்கள் சொத்து. ஸ்டோரிவீவர் நூலகத்தின் கதைகளும் திறந்த உரிமத்தில் வெளியானவை. எழுதியவர், ஓவியம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயர்களைக் கூறி, உரிமத்தையும் குறிப்பிட்டால் அவற்றைப் படித்துப் பதிவு செய்ய யாதொரு தடையும் இல்லை. பெயர்களை முதலில் சொல்வதனால் ஒரு நன்மையும் உண்டு. புத்தகம் தானாக முளைப்பதன்று, அதன் பின்னே மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைக் குழந்தை அறிந்துகொள்கிறது.

குழந்தைகளின் முகத்தையும் பெயரையும் பதிவில் சேர்க்கக் கூடாது என்பதையும் நாம் ஒரு விதியாகக் கொண்டிருக்கிறோம். திரையில் பக்கமும் விரலும் போதும்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இப்பணிக்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு புத்தகம், ஒரு கைப்பேசி, சந்தடி அடங்கிய அரை மணி நேரம் ஆகியவை இருந்தால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், வீட்டில் தனித்திருக்கும் பெரியோர்களும், கல்லூரி மாணவர்களும் இதனை மேற்கொள்ளலாம். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் குரல் நம்மிடையே ஒலிக்கும்போதே அதனைப் புத்தகத்தின் பக்கத்தோடு சேர்த்து வைப்பது நம் கடமை.

வேலைக்கு வந்த ஊரில் நம் பிள்ளைகள் கன்னடத்தில் தேர்ச்சி பெறுவதைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். அதனோடு, தாத்தா எழுதி வைத்த கடிதத்தைப் பிறர் துணையின்றிப் படிக்கும் ஆற்றலும் அவர்களுக்கு இருக்கட்டும் என்பதே நம் அவா. வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு, அன்பர்கள் தத்தம் இல்லத்தில் ஒரு சிறு கதையைத் தேர்ந்து, விரலைச் சொல்லின் அடியில் வைத்து, மெதுவாகப் படித்துப் பதிவு செய்து பார்க்குமாறு வேண்டுகிறோம். முதல் பதிவில் பூக்காரர் குரல் கலந்துவிட்டாலும் பாதகமில்லை.